நடவாத சோதனையும் நேர்மையான கணக்கும்

காரைக்காலுக்கு மேற்கே ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவில், காவிரியின் கிளையாறுகள் கடலை நாடிச் செல்லும் கழனிகளுக்கு நடுவே, திருநள்ளாறு என்னும் ஊர் அமைந்துள்ளது. தர்ப்பாரண்யேசுவரர் ஆலயமும், அதன்கண் உள்ள சனீசுவரன் சந்நிதியும், நளதீர்த்தமும் அவ்வூரின் பெயரை நாடெங்கும் பரப்பியுள்ளன. சனிக்கிழமைதோறும், ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சனிப்பெயர்ச்சியின்போதும், அங்குக் கூடும் யாத்திரிகர் தொகை மிகப் பெரிது. இவ்வூரைக் குறித்துப் பல்லாண்டுகளாக ஒரு செய்தி வாய்மொழியாகவும் கைபேசி வாயிலாகவும் உலவி வருகின்றது. திருநள்ளாற்றுக்கு நேர் மேலே வரும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் மூன்று விநாடி செயலற்று நின்று, பின்னர்த் தன் வழியே செல்கின்றதாம். அயல்நாட்டு விஞ்ஞானிகள் இதனைச் சோதித்து வியந்தனராம்.

பக்தியைக் குறித்து ஆராய்வது நம் நோக்கமன்று. அது தன் நிலத்தில் தானே நிற்கவல்லது. ஆனால் இச்செய்தி விஞ்ஞானத்தின் ஆடையை உடுத்து வருகின்றமையின், விஞ்ஞானத்திற்குரிய வினாக்களை அதனிடம் நாம் கேட்டாக வேண்டும். சோதிக்கப்பட்ட செயற்கைக்கோள் யாது? எந்நாளில் சோதித்தனர்? எக்கருவியால் அளந்தனர்? அளந்த ஏடு எங்கேயுள்ளது? இவற்றுள் ஒன்றற்கேனும் விடை கிடைப்பதில்லை. புவிக்கு அண்மையிற் சுழலும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் விரைவிற் செல்லும். மூன்று விநாடியில் அது 22 கிலோமீட்டரைக் கடந்துவிடும். புவியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள்களோ நிலநடுக்கோட்டுக்கு மேலேயே நிற்பன. 11 பாகைக்குச் சற்றுக் குறைந்த வடக்கிலுள்ள திருநள்ளாற்றுக்கு அவை நேர் மேலே வருவதே இல்லை. தேர்நிலையருகே நின்று கைபேசியில் வழி தேடும் யாத்திரிகருக்கும், வானிலுள்ள செயற்கைக்கோள்களே இடங்காட்டி உதவுகின்றன.

இச்செய்தியிலுள்ள பிழையின் வடிவத்தை நாம் கூர்ந்து நோக்குவோமாக. நடத்தப்படாத ஒரு சோதனை, நடத்தப்பட்டு வெற்றி பெற்றதாகக் கணக்கில் ஏறிவிட்டது. இவ்வகைப் பிழை கல்லாதாரிடத்து மட்டுமே நிகழும் என்று எண்ணுவோமாயின் நாம் ஏமாந்தவராவோம். உலகின் மிகச் சிறந்த பொறியாளர் பலர் கூடி உருவாக்கிய ஒரு கணினி அமைப்பின் சோதனைக் கணக்கிலும் இதே பிழை சில காலம் குடியிருந்தது. அது எங்ஙனம் நுழைந்தது, எங்ஙனம் திருத்தப்பட்டது, அதனின்று மாணாக்கராகிய நாம் கற்க வேண்டுவது யாது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் நம் கலாசாலையில் யாவரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பரீட்சை முடிந்தபின் மதிப்பெண் பட்டியலில் ஒரு மாணாக்கனின் பெயருக்கு நேரே மூன்று வகைக் குறிப்புகளுள் ஒன்று இருக்கலாம். அவன் தேறினான் எனலாம், தவறினான் எனலாம், பரீட்சைக்கு வரவில்லை எனலாம். மூன்றாவது குறிப்பு முதலிரண்டினின்றும் முற்றும் வேறானது. வாராதவனைத் தேறியவனாக எழுதுவது பொய். அவனுக்குச் சுழியம் இட்டுத் தவறியவனாக எழுதுவதும் நியாயமாகாது. காய்ச்சலில் படுத்திருந்தவனுடைய அறிவை அச்சுழியம் அளக்கவில்லை. அவன் பெயரையே பட்டியலினின்று நீக்கிவிடுவதோ எல்லாவற்றினும் தீது. அங்ஙனம் நீக்கினால் அப்படி ஒருவன் இருந்தான் என்பதே மறைந்து போகும். ஆதலின், வரவில்லை என்று எழுதுவதும், இயன்றால் அதன் காரணத்தையும் எழுதுவதும், அவர்களைத் தனியே எண்ணிக் காட்டுவதுமே நேர்மையான கணக்கு. இவ்வளவே இக்கட்டுரையின் சாரம். எஞ்சியவை யாவும் இதன் விரிவு.

இனி, கணினியின் உள்ளே செல்வோம். கணினியை நாம் இயக்கும்போது நம் கண்முன் தோன்றும் செயலிகள் யாவும் தாமாகவே யந்திரத்தைத் தொடுவதில்லை. ஒரு கோப்பைத் திறக்க வேண்டினும், நினைவகத்தில் இடம் வேண்டினும், வலையமைப்பின் வழியே செய்தி அனுப்ப வேண்டினும், அவை இயங்குதளத்தின் உட்பகுதியிடம் வேண்டுகோள் விடுக்கின்றன. அவ்வுட்பகுதியே கர்னல் எனப்படும். விதைக்குள் இருக்கும் பருப்பைப் போன்றது என்னும் பொருள்பட அப்பெயர் வந்தது. ஊர்ப் பொதுக்குளத்து நீரை இன்னார் வயலுக்கு இன்ன நேரம் என்று முறை வைத்துப் பகிர்ந்தளிக்கும் நீராணிக்காரனைப் போல, கர்னலானது யந்திரத்தின் காலத்தையும் இடத்தையும் செயலிகளுக்குப் பகிர்ந்தளித்து, ஒருவர் பங்கில் மற்றொருவர் கை வையாதபடி காவலும் செய்கின்றது. அவன் தவறினால் ஒரு வயல் மட்டும் வாடுவதில்லை. பாசனம் முழுவதும் கெடும்.

இக்காலத்துக் கர்னல்களுள் மிகப் பரந்து வழங்குவது லினக்ஸ். பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணாக்கராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதனை வெளியிட்டார். அதன் மூல நிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகள் அனைத்தின் அடியிலும் இருப்பது அதுவே. 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வெளிவந்த பட்டியல் முதலாக, உலகின் மிக ஆற்றல் வாய்ந்த 500 மீக்கணினிகளும் லினக்ஸையே கொண்டு இயங்குகின்றன. ஏறக்குறைய ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை அதன் புதிய பதிப்பு வெளிவருகின்றது. ஒவ்வொரு பதிப்பிலும் ஆயிரக்கணக்கான மாற்றங்கள் சேர்கின்றன. இம்மாற்றங்களால் பழைய செயல் எதுவும் கெடவில்லை என்பதற்கு யார் பொறுப்பு? மனிதர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க இயலாது. ஆகவே சோதனை நிரல்கள் எழுதப்படுகின்றன. யந்திரமே யந்திரத்தைச் சோதிக்கின்றது.

அத்தகைய சோதனைத் தொகுதிகள் பல. லினக்ஸ் மூல நிரலோடு சேர்ந்தே வருவது கேசெல்ப்டெஸ்ட் என்பது. கர்னலின் உள்ளுறுப்புகளைத் தனித்தனியே சோதிப்பது கேயூனிட். அது 2020இல் வெளிவந்த 5.5ஆம் பதிப்பில் இடம் பெற்றது. இவ்விரண்டற்கும் மூத்ததாய், லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட் என்னும் பெருந்தொகுதியும் உண்டு. இவற்றை இயக்கும் நிலையங்கள் பற்பல வகை யந்திரங்களில் சோதனைகளை இரவும் பகலும் நடத்தி, விளைவை ஏட்டில் வரைகின்றன. அவ்வேடு பல்லாயிரம் வரி நீளும். அதனை முதலிற் படிப்பதும் மனிதரல்லர், மற்றொரு நிரலே. எனவே, விளைவை எழுதும் முறை ஐயத்திற்கு இடமின்றி வரையறுக்கப்பட வேண்டியதாயிற்று.

அவ்வெழுத்து முறைக்கு ஒரு மரபு உண்டு. 1987ஆம் ஆண்டு டிசம்பரில் லாரி வால் என்பவர் பெர்ல் என்னும் கணினி மொழியை வெளியிட்டபோது, அதனைச் சோதிக்க எளியதொரு முறையைக் கையாண்டார். சோதனை தேறினால் ‘ஓகே’ என்றும், தவறினால் ‘நாட் ஓகே’ என்றும் எழுதி, அதனருகே சோதனையின் எண்ணையும் இடுவதே அம்முறை. அதுவே பின்னர் வளர்ந்து டேப் என்னும் பெயர் பெற்றது. அதனைக் கர்னலின் தேவைக்கேற்பச் சிறிது மாற்றியமைத்த வடிவமே கேடேப். நடவாத சோதனையைக் குறிக்க இவற்றில் ‘ஸ்கிப்’ என்னும் குறி உண்டு. தாண்டிச் செல்லுதல், விட்டுவிடுதல் என்பது அதன் பொருள். யந்திரம் ஆங்கில எழுத்தில் வரைவதை நாம் இங்குத் தமிழ் எழுத்தில் ஒரு மாதிரியாக அமைத்துக் காட்டுகின்றோம். சோதனைப் பெயர்கள் விளக்கத்திற்காக நாம் இட்டவை.

கேடேப் வெர்ஷன் 1
1..5
ஓகே 1 கோப்பைத் திறத்தல்
ஓகே 2 கோப்பில் எழுதுதல்
நாட் ஓகே 3 கோப்பைப் பூட்டுதல்
ஓகே 4 கடிகாரத்தைத் திருத்துதல் # ஸ்கிப் நிர்வாகி உரிமை இல்லை
ஓகே 5 வெக்டர் கணக்கு # ஸ்கிப் இச்சில்லில் அவ்வசதி இல்லை

இவ்வேழு வரிகளையும் சிறிது நின்று படிப்போம். இரண்டாவது வரி ‘1..5’ என்று கூறுகின்றது. ஐந்து சோதனைகளின் விளைவு வரும் என்று முன்னரே கொடுக்கும் வாக்குறுதி அது. முதலிரண்டு சோதனைகள் தேறின, மூன்றாவது தவறிற்று. நான்காவதும் ஐந்தாவதும் நடைபெறவில்லை. ஏன் நடைபெறவில்லை என்பது ‘ஸ்கிப்’ என்னும் குறிக்குப் பின் எழுதப்பட்டுள்ளது. இங்கே கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. நடவாத சோதனையின் வரியும் ‘ஓகே’ என்றே தொடங்குகின்றது. அவ்வரியின் தலைச்சொல் ‘ஓகே’ ஆயினும் ‘நாட் ஓகே’ ஆயினும், பின்னால் ‘ஸ்கிப்’ இருப்பின் அதனையே கொள்ள வேண்டும் என்பது கேடேப் விதி. ஆகவே, வரியின் தலையை மட்டும் பார்த்து வாலைப் பாராத அவசரக்காரன் இவ்வேட்டைப் படித்தால், ஐந்தில் நான்கு தேறின என்று மகிழ்ந்து போவான். உண்மையில் தேறியவை இரண்டே.

இவ்வாறு ஏமாறுவது படிப்பவரின் பிழை. எழுதுபவரே ஏமாற்றத்திற்கு வழி செய்வதும் உண்டு. லினக்ஸில் நிகழ்ந்தது அதுவே. கணினியில் ஒரு நிரல் முடிவடையும்போது, தன்னை ஏவிய நிரலிடம் ஓர் எண்ணைத் தந்துவிட்டுச் செல்லும். சுழியம் எனில் குறையின்றி முடிந்தது என்பது பழைய வழக்கு. கேசெல்ப்டெஸ்ட் தொகுதியில் 0 எனில் தேறியது, 1 எனில் தவறியது, 4 எனில் நடவாதது என்று எண்கள் வகுக்கப்பட்டுள்ளன. ஆயினும் பல சோதனை நிரல்கள், தமக்குத் தேவையான உரிமையோ கருவியோ அங்கில்லை என்று கண்டவுடன், ஒரு வரிச் செய்தியை அச்சிட்டுவிட்டு 0 என்னும் எண்ணோடு வெளியேறின. ‘என்னால் சோதிக்க முடியவில்லை’ என்பதை வாயாற் சொல்லிவிட்டு, கையாற் ‘தேறிற்று’ என்று கையொப்பமிட்டதற்கு அது ஒப்பாகும். கணக்கெடுக்கும் நிரலோ வாய்ச்சொல்லைக் கேளாது. கையொப்பத்தை மட்டுமே எண்ணும்.

2018ஆம் ஆண்டில், அத்தொகுதியைப் பராமரிக்கும் ஷுவா கான் என்னும் அம்மையார் இக்குறையைக் களையும் பணியை மேற்கொண்டார். ஒவ்வொரு கோப்பகமாகச் சென்று, தேவை நிறைவேறாமையால் நின்றுவிடும் சோதனைகள் 0 என்பதற்குப் பதிலாக 4 என்பதைத் தருமாறு திருத்தங்கள் செய்யப்பட்டன. திருத்தம் ஒவ்வொன்றும் அளவில் மிகச் சிறிது. சில இடங்களில் ஓர் எண்ணை மாற்றுவதே போதுமானதாயிற்று. பயனோ பெரிது. சோதனையை நடத்தவே இயலாதிருந்தபோதும் தேறியதாகக் காட்டிய பொய்க் கணக்கு அதனால் ஒழிந்தது. கேயூனிட்டிலும் தொடக்கத்தில் நடவாத சோதனையைக் குறிக்க வழியில்லை. 2021இல் வெளிவந்த 5.14ஆம் பதிப்பில் அவ்வழி சேர்க்கப்பட்டது. லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட் தொகுதியோ இதற்கெனத் தனிச் சொல்லும் 32 என்னும் தனி எண்ணும் வைத்துள்ளது.

ஒரு சோதனை நடவாமைக்குக் காரணங்கள் யாவை? சில சோதனைகளுக்கு நிர்வாகியின் உரிமை வேண்டும். கணினியின் கடிகாரத்தை மாற்ற எல்லாரையும் விடலாகாது அன்றோ? சிலவற்றுக்கு, கர்னலை உருவாக்கும்போதே குறிப்பிட்ட ஒரு பகுதியைச் சேர்த்திருக்க வேண்டும். லினக்ஸ் கர்னலில் அங்ஙனம் வேண்டுவனவற்றைச் சேர்க்கவும் வேண்டாதனவற்றை நீக்கவும் ஆயிரக்கணக்கான தெரிவுகள் உள்ளன. சிலவற்றுக்குக் குறிப்பிட்ட வன்பொருள் வேண்டும். சிலவற்றுக்குத் துணைக்கருவியாக வேறொரு நிரல் வேண்டும். இவற்றுள் எது இல்லாதொழியினும், சோதனை தன் வேலையைத் தொடங்கவும் இயலாது. இவை கர்னலின் குற்றங்கள் அல்ல; ஆகவே ‘தவறியது’ என்று எழுதுவது பொருந்தாது. அங்ஙனம் எழுதினால் ஒவ்வொரு நாளும் பொய்த் தவறுகள் நூற்றுக்கணக்கில் குவியும். புலி வருகின்றது என்று வீணே கூவிய சிறுவனின் கதையை நாம் இளமையிற் கேட்டுள்ளோம். பொய்த் தவறுகளைக் கண்டு சலித்த கண், மெய்த் தவறு வரும்போது அதனையும் தாண்டிச் சென்றுவிடும்.

எனவே மூன்றாம் வகை இன்றியமையாதது. ஆயினும் அது வந்த பின்னரும் சில இடர்கள் நீங்குவதில்லை. அவற்றுள் முதலாவது கணக்கிடும் முறையில் உள்ளது. 100 சோதனைகள் கொண்ட ஒரு தொகுதியில் 57 தேறின, 3 தவறின, 40 நடைபெறவில்லை எனக் கொள்வோம். நடந்த 60இல் 57 தேறின என்று எண்ணுவோன் நூற்றுக்கு 95 என்பான். மொத்தம் 100இல் 57 என்று எண்ணுவோன் நூற்றுக்கு 57 என்பான். நடவாதவற்றையும் தேறியவற்றோடு சேர்ப்போன் நூற்றுக்கு 97 என்பான். ஒரே ஏட்டினின்று மூன்று விகிதங்கள் பிறந்தன. முதலாமவனும் இரண்டாமவனும், தாம் எதனை எதனால் வகுத்தோம் என்று சொல்வாராயின், பொய்யர் ஆகார். மூன்றாமவன் எங்ஙனம் சொல்லினும் பிழைபட்டவனே. ஆகவேதான் நல்ல சோதனை நிலையங்கள் விகிதத்தை மட்டும் தாராமல், தேறியவை இத்தனை, தவறியவை இத்தனை, நடவாதவை இத்தனை என்று தனித்தனியே எண்ணிக்கை தருகின்றன.

இரண்டாவது இடர் காலப்போக்கில் நேர்வது. நேற்றுத் தேறிய சோதனை இன்று தவறினால் உடனே மணி அடிக்கும். பொறியாளர் ஓடி வருவர். நேற்றுத் தேறியது இன்று நடவாததாக மாறினாலோ, எந்த மணியும் அடிப்பதில்லை. தவறியவை சுழியம் என்றே ஏடு காட்டும். ஆனால் நேற்று இருந்த வசதி இன்று ஏன் இல்லை? யாரோ ஒருவர் அமைப்பை மாற்றும்போது ஒரு தெரிவை அறியாமல் நீக்கியிருக்கலாம்; அல்லது அவ்வசதியை இயக்கும் நிரலே பழுதுபட்டு, யந்திரம் அவ்வசதி தன்னிடம் இல்லை என்று சொல்லத் தொடங்கியிருக்கலாம். நாள்தோறும் வகுப்புக்கு வந்த மாணாக்கன் ஒருவன் வாரம் முழுதும் வரவில்லையாயின், அவன் பரீட்சையில் தவறவில்லை என்று ஆசிரியர் ஆறுதல் கொள்வாரா? அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பார். அவ்விசாரணை இங்கும் வேண்டும்.

மூன்றாவது இடர் நுட்பமானது. வசதி இல்லை என்பதைச் சோதனை நிரல் எங்ஙனம் அறிகின்றது? கர்னலிடம் ஒரு வேண்டுகோள் விடுத்து, அது மறுக்கப்பட்டால் வசதியில்லை என்று முடிவு செய்கின்றது. ஆனால் மறுப்புகள் பல வகை. அத்தகைய பணியே இக்கர்னலில் இல்லை என்பது ஒரு மறுப்பு. அதற்கு ‘ஈநோஸிஸ்’ என்று பெயர். உனக்கு உரிமை இல்லை என்பது மற்றொரு மறுப்பு. நினைவகம் போதவில்லை என்பது வேறொன்று. வசதி இருந்தும், பழுதினால் தகாத காரணத்தைக் கூறி மறுப்பதும் உண்டு. அதுவே நாம் கண்டுபிடிக்க விரும்பும் குற்றம். எம்மறுப்பு வரினும் நடவாதது என்று எழுதிவிடும் சோதனை, அக்குற்றத்தைத் தானே மூடி மறைக்கின்றது. ஆகையால், சோதனை எழுதுவோர் எதிர்பார்த்த மறுப்பு வந்தால் மட்டுமே நடவாதது என எழுதி, ஏனைய மறுப்புகள் யாவற்றையும் தவறியதாகவே எழுத வேண்டும். வாராத மாணாக்கன் கொண்டு வரும் கடிதத்தை ஆசிரியர் படித்துப் பார்த்த பின்னரே ஏற்றுக்கொள்வது போல்வது இது.

நான்காவது இடர், ஒன்றும் எழுதப்படாமலே போவது. பத்துச் சோதனைகளுள் நான்காவது நடந்துகொண்டிருக்கும்போதே கர்னல் நிலைகுலைந்து யந்திரம் நின்றுவிட்டால், ஏட்டில் மூன்று ‘ஓகே’ வரிகளே இருக்கும்; ‘நாட் ஓகே’ ஒன்றும் இராது. ‘1..10’ என்னும் வாக்குறுதி முன்னரே எழுதப்பட்டிருந்தால் மட்டுமே, ஏழு விளைவுகள் காணவில்லை என்று படிப்பவர் அறிவர். மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது நம் நாட்டு வழக்கு. சோதனை ஏட்டில் மௌனம் சம்மதமாகாது. அங்கே மௌனம் ஒரு வினா. அதற்கு விடை தேடியாக வேண்டும்.

இவையெல்லாம் கணினியின் முன் அமர்ந்திருப்போருக்கு மட்டும் உரிய நுணுக்கங்கள் என்று சிலர் கருதக்கூடும். அவர்கள் பொருட்டு, கர்னலுக்குப் புறம்பான ஒரு பெரு நிகழ்ச்சியை எடுத்துரைப்போம். 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்தினின்று ஏரியான் 5 என்னும் புதிய ஏவூர்தி முதன்முறையாக வானில் எழுந்தது. புறப்பட்டு ஒரு நிமிடமும் ஆகுமுன்னரே அது திசை திரும்பிச் சிதைந்தது. அதிலிருந்த கிளஸ்டர் என்னும் நான்கு ஆராய்ச்சிச் செயற்கைக்கோள்களும் அழிந்தன. ஏவூர்தியின் நிலையையும் இயக்கத்தையும் அளந்து சொல்லும் கருவியின் நிரல், முந்தைய ஏரியான் 4இனின்று எடுக்கப்பட்டது. புதிய ஏவூர்தி பழையதினும் விரைந்து பக்கவாட்டில் நகர்ந்தமையால், 64 இரும எண்களில் அடங்கிய ஒரு மதிப்பை 16 இரும எண்களுக்குள் அடக்க முயன்றபோது அஃது அடங்காது வழிந்தது. மூலக் கருவியும் துணைக் கருவியும் ஒரே நிரலைக் கொண்டிருந்தமையின் இரண்டும் ஒருங்கே செயலிழந்தன.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. ஏரியான் 5 செல்லவிருந்த பாதையின் அளவுகளைக் கொண்டு அக்கருவி ஒருமுறையேனும் சோதிக்கப்படவில்லை என்பது அவ்வறிக்கையால் தெளிவாயிற்று. முழு அமைப்பையும் சோதித்தபோது, உண்மைக் கருவியை வைக்காமல் அதன் விடைகளைப் போலியாக அமைத்தே சோதித்தனர். பழைய ஏவூர்தியில் நன்கு உழைத்தது என்னும் நம்பிக்கை, நடவாத சோதனையின் இடத்தில் அமர்ந்துகொண்டது. பழைய பரீட்சையில் தேறியவன் புதிய பரீட்சைக்கு வாராமலே தேறியதாக எண்ணப்பட்டான். ‘இக்கருவி, இப்பாதையில், சோதிக்கப்படவில்லை’ என்று ஒரு வரி எல்லாருடைய கண்ணிலும் படும்படி எழுதப்பட்டிருப்பின், ஒருவரேனும் ‘ஏன்?’ என்று கேட்டிருக்கக்கூடும்.

நம் நாட்டிற்கும் இப்பொருள் அயலானதன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளை முறையைத் தழுவிச் ‘சக்தி’ என்னும் செயலியை வடிவமைத்தனர். 2018இல் அதன் சில்லில் லினக்ஸ் இயங்கிற்று. ரிஸ்க்-ஃபைவ் முறையின் சிறப்பியல்பே, அடிப்படைக் கட்டளைகள் சிலவாயிருக்க, ஏனையவற்றை வேண்டுவோர் வேண்டியவாறு சேர்த்துக் கொள்ளலாம் என்பதாம். ஒரு சில்லில் வெக்டர் கணக்குக்குரிய பகுதி இருக்கும், மற்றொன்றில் இராது. ஆகவே அத்தகைய சில்லுகளில் கர்னல் சோதனைகளை நடத்தும்போது, நடவாதவை பல தோன்றுவது இயல்பு. அவற்றைத் தேறியவையாக எண்ணினால், இல்லாத வசதியை உள்ளதென்று விற்றவராவோம். தவறியவையாக எண்ணினால், குற்றமற்ற சில்லைப் பழித்தவராவோம். மேலும், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளம், தமிழ்நாட்டு அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் வழியே பல மாணாக்கர் கைகளை எட்டியது. அக்கணினிகளைக் கையாண்ட நம் இளைஞர் பலர், கர்னலின் பெயரை அறியாமலே அதன் உழைப்பை நுகர்ந்தவராவர்.

லினக்ஸின் சோதனைத் தொகுதிகளுக்குப் பங்களிப்போர்க்குச் சாதியில்லை, தேசமில்லை, பட்டமும் வேண்டுவதில்லை. மூல நிரல் திறந்தே கிடக்கின்றது. நம் மாணாக்கருள் ஒருவர் அங்கே ஒரு சோதனை எழுத முற்படுவாராயின், அவர் நினைவிற்கொள்ள வேண்டுவன சில. எத்தனை சோதனைகள் என்பதை முதலிலேயே கூறிவிடுக. நடத்த இயலாததை நடத்த இயலாததென்றே குறிக்க. காரணத்தை, படிப்பவர் அதனை நீக்க முயலும்படி தெளிவாக எழுதுக. ‘சூழ்நிலை சரியில்லை’ என்பதனால் ஒருவருக்கும் பயனில்லை, ‘நிர்வாகி உரிமை வேண்டும்’ என்பதனால் பயனுண்டு. மறுப்பின் வகையை ஆராயாமல் நடவாததென்று எழுதி நழுவற்க. முடிவில், தேறியவை, தவறியவை, நடவாதவை என மூன்றையும் கூட்டிப் பார்த்து, அக்கூட்டுத்தொகை முதலிற் சொன்ன எண்ணுக்கு ஒத்துள்ளதா என்று காண்க. ஒத்திராவிடில், ஏட்டில் சொல்லப்படாத ஒன்று உண்டு.

இவ்விதிகள் கணினிக்கு மட்டுமோ? செய்கூடத்தில் ஐந்து அளவீடுகளுள் ஒன்றை எடுக்காமல் விட்டு, நண்பனின் குறிப்பேட்டைப் பார்த்து அவ்விடத்தை நிரப்பும் மாணாக்கன், 0 என்று கையொப்பமிட்டு வெளியேறிய அச்சோதனை நிரலுக்கு உடன்பிறந்தவன். மழைமானியை ஒருநாள் பார்க்கத் தவறியவர், அன்று மழையில்லை என்று சுழியம் எழுதினால், அந்தச் சுழியம் ஆண்டு முழுவதின் மழைக்கணக்கையும் கெடுக்கும். காவிரியின் கடைமடையில் வாழும் உழவருக்கு, மழையில்லை என்பதும் மழையை யாரும் அளக்கவில்லை என்பதும் ஒன்றாகா. அன்று வெற்றிடம் விட்டு, ‘அளக்கவில்லை’ என்று எழுதுவதற்கு ஒரு சிறு துணிவு வேண்டும். தன் குறையைத் தன் கையால் எழுதும் துணிவு அது.

மீண்டும் திருநள்ளாற்றுக்கு வருவோம். நளதீர்த்தத்தில் நீராடிக் கரையேறும் யாத்திரிகர் ஒருவர், செயற்கைக்கோள் மூன்று விநாடி நிற்பது மெய்தானா என்று நம்மை வினவுவாராயின், அவருடைய பக்தியைப் பழிக்காமலும் நம் அறிவை விற்காமலும் விடை கூற இயலும். ‘ஐயா, செயற்கைக்கோளின் விரைவும் வழியும் நாம் அறிந்தவை, அவை இவ்வூரை நிற்காமலே கடக்கின்றன. சோதித்தனர் என்று கூறப்படும் அச்சோதனையோ நடந்ததாக எந்த ஏட்டிலும் இல்லை. நடவாததை நடந்ததாக நாம் எண்ணலாகாது’ என்போம். இறைவனுடைய ஆலயத்திற்கு நடவாத சோதனையின் சான்று வேண்டுவதில்லை. கர்னலுக்கும் அது வேண்டுவதில்லை. கற்றோர் எனப்படும் நமக்கு அது ஒருபோதும் வேண்டாதிருப்பதாக.